ஜஹானாராவின் முச்சலிக்கா

ஜெயிலுக்குப் போக வேண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பும் சட்டம் ஒன்று அப்போதுதான் சென்னை மாகாணத்துக்கு வந்திருந்தது. முதல் தடவையாகத் தப்புச் செய்தவர்களைத் தண்டிக்காமல், இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்று முச்சலிக்கா எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு ஜாமீனையும் பிடித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். எங்கள் வக்கீல் ரங்கசாமி ஐயங்காருக்கு அந்தச் சட்டத்தின் மேல் அப்படி ஒரு பிரியம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஜட்காவில் வந்து இறங்கும்போதே அதைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இறங்குவார். நான் அவரிடம் குமாஸ்தா, பெயர் காத்தமுத்து, வீடு தென்னூர். எனக்கோ அந்தச் சட்டத்தின் பேரைக் கேட்டாலே வயிறு எரிகிறது. ஏன் என்று கேட்டால் ஜஹானாராவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவள் புருஷன் நஜிமுதீன் வளையல் வியாபாரி. நத்தர்ஷா தர்கா பக்கத்துச் சந்தில், அண்ணன் ஹனீஃபாவின் வீட்டில் ஓர் அறையில் குடித்தனம். பிள்ளை குட்டி கிடையாது. ஸ்ரீரங்கத்து வீடுகளில் வளைகாப்பு என்றால் நஜிமுதீனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுக்குக் காசம் கண்டு படுத்துவிட்டபின், நூலில் கட்டிய வளையல் சரங்களான மலாரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு இவள் ஆற்றைத் தாண்டிப் போக ஆரம்பித்தாள். உத்தர வீதியில் ஒரு வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு வளையல் அடுக்கிவிட்டுத் திரும்பும்போது பாலத்திலேயே பிடித்துவிட்டார்கள். கூடையில் மலாரங்களுக்கு நடுவே அந்த வீட்டு வெள்ளிச் சந்தனக் கிண்ணம், பேலா என்பார்கள், இருந்தது. தெரியாமல் விழுந்துவிட்டது என்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "எடுத்தேங்க. அவருக்கு ஊசி போடணும்," என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டாள்.

அதே உத்தர வீதியில்தான் எங்கள் வக்கீலும் இருந்தார். அவராகவே வலிய வந்து அவளுக்காக ஆஜரானார், புதுச் சட்டத்தைக் காட்டி அவளை மீட்டார். ஒரு வருஷம் அவள் ஹனீஃபாவின் வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். மாதம் ஒருமுறை புத்தூரில் இருந்த புரொபேஷன் ஆபீசர் முன்னால் ஆஜராகிக் கைநாட்டு வைக்க வேண்டும். ஹனீஃபா ஜாமீன். இதில் எது தவறினாலும் பேலா திருடியதற்கான ஜெயில் தண்டனை அப்படியே அவள் தலையில் வந்து விழும். இதையெல்லாம் படித்துக் காட்டியபோது அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். ஹனீஃபாவும் ஆட்டினான்.

ஹனீஃபாவுக்கு ஒரே கவலை, சந்தில் யாருக்கும் தெரியக் கூடாது. நடந்ததெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடந்ததால் தெரியாமலும் போயிற்று. மாதாமாதம் அவள் புத்தூர் போவதைப் புருஷனுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவைத்தான். புரொபேஷன் ஆபீசர் விக்டர் நல்ல மனுஷன். அவள் வந்தால் நாற்காலி போடச் சொல்வார். நஜிமுதீனுக்கு நிஜமாகவே ஆஸ்பத்திரியில் சொல்லி மருந்து வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். வருஷம் முடிவதற்குள்ளேயே முச்சலிக்காவை ரத்து செய்யச் சொல்லி எழுதப்போவதாக என்னிடம் ஒருமுறை சொன்னார்.

மருந்துக்கு நஜிமுதீன் கேட்கவில்லை. ஆடிக் காற்று அடங்குவதற்குள் போய்ச் சேர்ந்தான்.

புருஷன் மௌத்தானால் அவர்களில் பெண்டாட்டி இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, அந்நிய ஆண் யாரும் பார்க்கக் கூடாது, வளையல், பூ, நகை எதுவும் கூடாது. மற்றப் பெண்களுக்கு அது துக்கம், வழக்கம். ஜஹானாராவுக்கு அதைவிட மேலே ஒன்று. திருடிப் பிடிபட்டதற்காகப் புருஷன் ஒரு வார்த்தை அவளைத் திட்டவில்லையாம், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டானாம். கடைசி வரைக்கும் அப்படியே இருந்துவிட்டுப் போய்விட்டான். "நான் அவருக்குச் செய்யறதுக்கு இனிமே இது ஒண்ணுதான் மிச்சம், இதையாவது சுத்தமாச் செஞ்சு முடிக்கணும்," என்று நாத்தனார் ஆபிதாவிடம் சொன்னாளாம். ஆபிதா ஹனீஃபாவுக்கும் நஜிமுதீனுக்கும் தங்கை, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், இரண்டு குழந்தைக்காரி.

புத்தூர் போக வேண்டிய நாள் வந்தது. இங்கேதான் ஹனீஃபா தன் மூளையை உபயோகித்தான்.

ஆபீசரிடம் போய் இப்படி இத்தா இருக்கிறாள் என்று சொல்லலாம். சொன்னால் நிஜமா என்று பார்க்கச் சேவகன் சந்துக்கு வருவான், பேரைச் சொல்லி விசாரிப்பான். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், இவள் வெளியே போகலாமா என்று கேட்கலாம். கேட்டால் எதற்குப் போக வேண்டும் என்று அவர் கேட்பார். இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்து ஆபிதாவைக் கூப்பிட்டுவிட்டான். வெள்ளைத் துப்பட்டி போர்த்தி முகத்தை மூடிக்கொண்டு போகிற பெண் யாரென்று எவனுக்குத் தெரியும்? மையைத் தொட்டு விரலை வைத்துவிட்டு வந்தால் தீர்ந்தது. ஆள் வந்தாச்சு என்பதற்குத்தானே கைநாட்டு, அதை எந்தக் கை வைத்தால் என்ன என்றுதான் அவன் நினைத்தான். இத்தாவும் கெடாது, கோர்ட்டும் கோபித்துக்கொள்ளாது. ஜஹானாராவிடம் யாரும் கேட்கவில்லை, போய்விட்டு வந்தபிறகுதான் சொன்னார்கள்.

ஆபிதாவிடம் வளையலைக் கழற்றிவிட்டுப் போ என்று சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை. அவள் கழற்றியிருக்கவும் மாட்டாள். "என் வூட்டுக்காரர் உசிரோட இருக்கறப்ப நான் எதுக்கு வெறுங்கையோட போகணும்?" என்று அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். வளையல்காரன் தங்கை, கை நிறையப் பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடி வளையல். துப்பட்டிக்குள் மறைத்துக்கொண்டு போனாள்.

விக்டருக்கு ஆஸ்பத்திரி மூலமாக நஜிமுதீன் இறந்தது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்று, வருத்தமாக இரண்டு வார்த்தை சொல்லியிருக்கிறார். அவள் தலையை ஆட்டினாள். பிறகு மைப்பெட்டியை நகர்த்திவைத்தார். துப்பட்டிக்குள்ளிருந்து கை வெளியே வந்தது, முழங்கை வரைக்கும் வளையல் கலகலத்தது.

விக்டரின் ரிப்போர்ட்டின் பேரில் வந்த சம்மனை எடுத்துக்கொண்டு கோர்ட்டுச் சேவகன் சந்துக்குள் நுழைந்து, "வெள்ளிப் பாத்திரம் திருடுன ஜஹானாரா வீடு எதுங்க?" என்று தெருமுனைக் கடையில் கேட்டான். எதைத் தடுக்க ஹனீஃபா அத்தனை பாடுபட்டானோ அது நடந்து முடிந்தது. அந்தச் சம்மனை மடியில் வைத்துக்கொண்டு அவன் எங்கள் ஆபீசுக்கு வந்தபோதுதான் எல்லாக் கதையும் எங்களுக்குத் தெரியும்.

வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏன் பாய், எங்கிட்ட ஒரு வார்த்தை வந்து சொல்லப்படாதா? ஒரு மனு போட்டு ஆஜராகாம இருக்க உத்தரவு வாங்கிக் குடுத்திருப்பேனே! பெருமாளே, இது பகல்ல வெளிச்சத்துல போய்க் கிணத்துல விழுந்தாப்பல இருக்கே!"

ஹனீஃபா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஹஜ்ரத்தும் அதையேதாங்க சொன்னாரு. தெருவுக்கே தெரிஞ்சப்புறம் போய்க் கேட்டேன். அவசியம்னா பகல்ல போயிட்டு இருட்டறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடலாமாம். முன்னாடியே கேட்டிருக்கலாமேன்னாரு."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அங்கேயே நாலு கேட்டிருப்பேன். சட்டத்திலும் வழி இருந்தது, மார்க்கத்திலும் வழி இருந்தது. இவன் ஒருவன் மானத்துக்குப் பயந்து இரண்டு வாசலிலும் ஏறாமல் இருந்துவிட்டான். ஆனால் மாட்டிக்கொண்டது அவன் இல்லையே.

அன்று சாயங்காலமே நான் புத்தூருக்குப் போய் விக்டரைப் பார்த்தேன். அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ரிப்போர்ட் போயிடுச்சு, காத்தமுத்து. அன்னிக்கே போயிடுச்சு. வேற ஆள்னு நான் எழுதல. வந்தது அந்தப் பொண்ணுதானான்னு சந்தேகமா இருக்கு, நேர்ல கூப்பிட்டு விசாரிக்கணும்னுதான் எழுதினேன். வளையலைப் பத்தியும் எழுதிட்டேன். எழுதாம இருந்திருக்கலாம். ஆனா மேலதிகாரி ஏன் சந்தேகம்னு கேப்பானே?"

"நாங்க வாய்தா கேக்கறோம், சார். இத்தா முடியட்டும்."

"கேளுங்க," என்றார். அதில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

வக்கீல் கேட்டார். மாஜிஸ்திரேட் பொல்லாதவர் இல்லை, அவசரக்காரர். மதியத்துக்குள் மேஜை காலியாக வேண்டும் அவருக்கு. ஒரு வாரம் தருகிறேன், அதற்குமேல் மாதக்கணக்கில் கேஸ் கட்டை நிறுத்திவைக்க முடியாது, அவள் நேரில் வந்தே தீர வேண்டும் என்றார். ஹஜ்ரத்தே போகலாம் என்று சொல்லிவிட்டதால் எங்களுக்கும் மறுபேச்சு இல்லாமல் போயிற்று.

வக்கீல் ஒரு வழி யோசித்தார். உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. இத்தா இருந்தாள், படிப்பில்லாத ஜனங்கள், பயத்தில் வேறு ஒருத்தியை அனுப்பிவிட்டார்கள், இவளுக்குத் தெரியாமல் நடந்தது. சட்டத்தில் அபராதத்தோடு விட்டுவிடவும் இடம் இருந்தது. ஒரே ஒரு தடங்கல். வந்தது யார் என்று மாஜிஸ்திரேட் கேட்பார். பேரைச் சொன்னால் ஆபிதா மேல் ஆள்மாறாட்டக் கேஸ் வரும். அது சர்க்கார் ஆபீசில் வைத்த பொய்க் கைநாட்டு. புதுச் சட்டம் அவளுக்கும் கருணை காட்டுமா என்று வக்கீலாலேயே சொல்ல முடியவில்லை.

இதைச் சொல்லச் சந்துக்கு நான்தான் போனேன். அறை வாசலில் புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். நான் இந்தப் பக்கம் ஒரு முக்காலியில், அந்தப் பக்கம் ஜஹானாரா. அவள் குரலும் எனக்குக் கேட்கக் கூடாதாம். அதனால் நான் சொல்வதைக் கேட்டு, அவள் பதிலை வாங்கிச் சொல்ல நடுவில் ஆபிதாவை உட்காரவைத்திருந்தார்கள். இதைவிடக் கொடுமையாக ஓர் ஏற்பாட்டை யாராவது யோசித்துச் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. வயசுக்கு வந்த ஹனீஃபாவின் பெண்கள் அந்நிய ஆண் முன்னால் வர முடியாது, வேறு பெண் யாரும் அப்போது வீட்டில் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

"கோர்ட்டுல உள்ளத உள்ளபடி சொல்லச் சொன்னாரு வக்கீல்," என்றேன்.

ஆபிதா உள்ளே திரும்பி ஏதோ முணுமுணுத்தாள். "சரிங்கறாங்க," என்றாள்.

"ஜெயிலுக்குப் போகாம இருக்க அது ஒண்ணுதான் வழி. யார் போனதுன்னு கேட்டா..." நிறுத்தினேன். ஆபிதாவைப் பார்க்காமல் சொன்னேன். "கேட்டா, பேரைச் சொல்லிடணும்."

ஆபிதா அதை உள்ளே திரும்பச் சொன்னாளா, சொல்லத் தேவையில்லாமல் போயிற்றா தெரியாது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என்னம்மா சொல்றாங்க?"

"மச்சி ஒண்ணும் சொல்லலீங்க," என்றாள் ஆபிதா, அண்ணியை அவர்கள் மச்சி என்பார்கள். "என் கையப் புடிச்சிக்கிட்டாங்க."

கேஸ் நாளன்று திரை கட்டிய ஜட்காவில் அவளைக் கூட்டிவந்தார்கள். வெள்ளைத் துப்பட்டிக்குள் அவள் இத்தனூண்டாக இருந்தாள். சேதி பரவிவிட்டதால் அந்தச் சந்திலிருந்து ஆண்கள் ஏழெட்டுப் பேர் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் ஜமாத்துக்காரர்கள். ஹனீஃபா அவர்களுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், ஆபிதா வரவில்லை.

பெஞ்சு கிளார்க் முச்சலிக்காவைப் படித்தார், விக்டரின் ரிப்போர்ட்டைப் படித்தார். மாஜிஸ்திரேட் தலையைத் தூக்கினார்.

"அன்னிக்குப் புத்தூர் ஆபீசுக்கு வந்தது யாரும்மா?"

வக்கீல் பதில் சொல்ல எழுந்தார். அதற்குள் துப்பட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது, மெல்லிய குரல், ஆனால் தடுமாறவில்லை.

"நான்தாங்க வந்தேன்."

வக்கீல் பாதி எழுந்தபடியே நின்றுவிட்டார்.

"புருஷன் செத்து ஒரு மாசம்கூட ஆகலை. கை நிறைய வளையல் இருந்ததுன்னு ஆபீசர் எழுதியிருக்கார்."

"இருந்ததுங்க. கழட்டல."

"ஏன் கழட்டல?"

இதற்கு அவள் யோசித்து வைத்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். "போட்டுக்கணும்னு இருந்தது, போட்டுக்கிட்டேன்."

பின்பெஞ்சில் ஒருவர், "தவ்பா, தவ்பா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சேவகன் அதட்டினான்.

மாஜிஸ்திரேட் விக்டரைப் பார்த்தார். "வந்தது இந்தப் பொண்ணு இல்லைன்னு நீங்க சொல்ல முடியுமா? முகத்தைப் பாத்தீங்களா?"

விக்டருக்குத் தெரியும். வந்தவள் வேறு, நிற்பவள் வேறு என்று நூற்றுக்கு நூறு தெரியும். கழுத்துப்பட்டையை விரலால் இழுத்துவிட்டுக்கொண்டார். "முகத்தைப் பாக்கலை, சார். சொல்ல முடியாது."

கைநாட்டை ஒத்துப்பார்க்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. ஆபிதா பயத்தில் விரலை மையில் முக்கி அழுத்தியதில் அது கரிக்கட்டி மாதிரி அப்பியிருந்தது. அதை நிபுணருக்கு அனுப்பி வாங்க மாதக்கணக்காகும். அவளே வந்தேன் என்கிறபோது அதெல்லாம் எதற்கு என்று மாஜிஸ்திரேட் கட்டை மூடினார். ஆஜராகியிருக்கிறாள், நிபந்தனை மீறவில்லை, முச்சலிக்கா தொடரும். அடுத்த கேஸ் என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் வக்கீல் தூணைப் பிடித்துக்கொண்டார். "ஜெயிச்சிருக்கோம், காத்தமுத்து. எனக்கு என்னமோ ஜெயிச்சாப்பலயே இல்லே."

நானோ சந்தோஷப்பட்டேன். ஆபிதா தப்பினாள், இவளும் தப்பினாள், ஜட்கா மறுபடி சந்துக்குப் போயிற்று. ஒரு பொய்யில் இரண்டு பேர் பிழைத்துப்போனால் எந்த சாமி கோபித்துக்கொள்ளும் என்று இருந்தது எனக்கு. அந்தப் பொய்யை நம்பப்போகிறவர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நான் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் வக்கீல் இல்லாத நேரமாகப் பார்த்து ஹனீஃபா வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"குமாஸ்தா ஐயா, ஜாமீன்லேருந்து நான் விலகிக்கணும். அதுக்கு என்ன எழுதணும்?"

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. "எந்த ஜாமீன்?"

"எங்க தம்பி சம்சாரத்துக்குக் குடுத்தது. ஜமாத்துல கேக்கறாங்க. புருஷன் கபுர் மண்ணு காயறதுக்குள்ள இத்தாவ முறிச்சிக்கிட்டு, கையில வளையலப் போட்டுக்கிட்டு ஊர் சுத்துன பொம்பளைய எப்படி வூட்டுல வச்சிருக்கேன்னு கேக்கறாங்க. அவளே கோர்ட்டுல வாயால சொல்லிட்டாளே."

"அவ யாருக்காகச் சொன்னான்னு உனக்குத் தெரியாதாய்யா?"

"தெரியுங்க."

"அப்ப ஜமாத்துல சொல்லேன். கோர்ட்டுல வேண்டாம், அவங்ககிட்ட மட்டும் சொல்லு."

"அங்க சொன்னா மறுநாள் கோர்ட்டுக்கு வந்துடுங்க. அதுக்கு முந்தி சேதி ஆபிதா மாப்பிள்ளை வூட்டுக்குப் போயிடும். அவன் அவளத் தள்ளிவச்சிடுவான், கையில ரெண்டு புள்ளைங்க. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க கட்டிக்குடுக்கற வயசுல நிக்குதுங்க. பேச்சு நடந்துக்கிட்டிருந்த எடத்துலேருந்து நேத்து வேண்டாம்னு ஆள் அனுப்பிட்டாங்க." மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். "நான் என்னங்க செய்வேன்?"

"நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கத்தினேன். பக்கத்து ஆபீசில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

"இல்லதாங்க," என்றான் ஹனீஃபா.

நான் எழுதிக்கொடுக்க மாட்டேன் என்று துரத்திவிட்டேன். கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர்களுக்கா பஞ்சம்? அன்று மதியமே எழுதிப் போட்டுவிட்டான்.

ஜாமீன்தார் விலகினால் வேறு ஜாமீன் கொடுக்க வேண்டும். அதோடு ஹனீஃபா வீட்டில் குடியிருப்பது என்பது முச்சலிக்காவிலேயே எழுதியிருக்கிற நிபந்தனை. வீடும் இல்லை, ஜாமீனும் இல்லை என்றால் முச்சலிக்காவில் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? அந்த மனுவை எடுத்த அன்றைக்கு அவள் கோர்ட்டுக்கு வந்தபோது துணைக்கு யாரும் வரவில்லை. ஜட்காவும் இல்லை, நடந்தே வந்திருந்தாள். கையில் ஒரு துணிமூட்டை.

மாஜிஸ்திரேட் மனுவைப் படித்துவிட்டு, "பொறந்த வீட்டுல யாராவது?" என்று கேட்டார். அவளுக்கு யாரும் இல்லை. தகப்பன் செத்துவிட்டான், ஒரு அண்ணன் பினாங்குக்குப் போனவன், இருக்கிறானா என்றே தெரியாது. மாலை வரைக்கும் நேரம் தருகிறேன், சொத்துள்ள ஆள் ஒருவரைக் கொண்டுவாருங்கள் என்றார். அதுவே அவருக்குப் பெரிய மனசு.

வக்கீல் தானே கையெழுத்துப் போடுகிறேன் என்று நின்றார். சொந்தக் கட்சிக்காரருக்கு வக்கீல் ஜாமீன் நிற்க முடியாது என்று மாஜிஸ்திரேட் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் போய் நின்றேன். "சொந்த வீடா?" என்றார் பெஞ்சு கிளார்க். வாடகை வீடு. அவர் அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார். விக்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் இல்லத்துக்குப் பறந்தார். நான் பெரியகடைத்தெருவில் வளையல் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவரிடம் ஓடினேன், நஜிமுதீன் வருஷக்கணக்காகச் சரக்கு எடுத்த இடம். அவர் எனக்கு மோர் கொடுத்தார், மின்விசிறியைப் போட்டார், நஜிமுதீன் தங்கமான பையன் என்றார், ஜமாத்தைப் பகைத்துக்கொண்டு தன்னால் முடியாது என்றார். இல்லத்தில் இடம் இல்லை என்று விக்டரும் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்.

நாலு மணிக்கு அவளுக்குத் தண்டனை சொன்னார்கள். வெள்ளிப் பேலா திருடியதற்கு ஆறு மாதம். ஆள் மாறிப் போனதற்கு இல்லை, ஆஜராகாததற்கு இல்லை, எதையும் மீறியதற்கே இல்லை. இருக்க வீடில்லாததற்கு என்று உத்தரவில் எழுத முடியாதே, அதனால் பேலாவை எழுதினார்கள். வக்கீல் மேல்முறையீடு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனு விசாரணைக்கு வருவதற்குள் அவள் முழுத் தண்டனையையும் கழித்துவிட்டு வந்துவிடுவாள் என்பது அவருக்கும் தெரியும். பேசுவதை நிறுத்திவிட்டு, ஜட்காவில் ஏறி, ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டார்.

பெண்களை வேலூர் ஜெயிலுக்கு அனுப்புவார்கள். ரயில் பாஸ் எழுதி வாங்கக் கான்ஸ்டபிள் உள்ளே போயிருந்தான், இன்னொருவன் படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். ஜஹானாரா வராந்தா மூலையில் சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள்.

என்னிடம் அவள் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஹனீஃபாவைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். என்னை ஏன் இப்படிக் கைவிட்டீர்கள் என்று கேட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

"கேளும்மா."

"வேலூர் ஜெயில்ல பொம்பளைங்க மட்டுந்தான் இருப்பாங்களாமே, நெசமா?"

"ஆமாம்மா."

"வெளி ஆம்பளைங்க யாரும் உள்ள வர மாட்டாங்கள்ல? யாரும் பாக்க மாட்டாங்கள்ல?"

அப்போதும் எனக்குப் புரியவில்லை.

"இல்ல, இத்தா இன்னும் பாதிக்கு மேல இருக்குங்க. அவரு மௌத்தான வூட்டுலயே இருந்து முடிக்கணும்னு இருந்தேன், அது ஆகல. அங்க போய் மிச்சத்த இருந்துடலாம். அது செல்லும்னு நெனைக்கிறேன். செல்லுங்களா?"

ராத்திரி முழுக்க மூன்றாம் வகுப்புப் பெட்டியில், முன்பின் தெரியாத ஆண்களுக்கு நடுவில், இரண்டு கான்ஸ்டபிள்களோடு அவள் போக வேண்டும். ஜெயில் வாசலில் துப்பட்டியை வாங்கிக்கொண்டு ஜெயில் சேலையைக் கொடுப்பார்கள். டாக்டர் ஆண், சூப்பரின்டென்டென்ட் ஆண், காலையில் வரிசையில் நிற்கவைத்துத் தலை எண்ணும்போது முகத்தை மூட விடமாட்டார்கள். எத்தனை பேரை ரயிலேற்றிவிட்டிருக்கிறேன், எனக்கு எல்லாம் தெரியும்.

"செல்லும்மா," என்றேன். "அங்க யாரும் பாக்க மாட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கான்ஸ்டபிள் வருவதற்குள் படியிறங்கி வந்துவிட்டேன்.